அரை நொடி பிந்திய குரல்

பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் பாடத்தைக் கோரஸாகச் சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடுவேன். சத்தம் பிடிக்காத டீச்சர் என்று எனக்குப் பெயர். சிடுமூஞ்சி என்றும் சொல்வார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்துவது சத்தத்துக்காக இல்லை. முப்பது குரல் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அதற்குள் ஒரு குரல் மட்டும் அரை நொடி பின்னால் வரும். மற்றவர்கள் சொல்லி முடித்த சொல்லை அது அப்போதுதான் தொடும். எட்டிப் பார்த்தால் அப்படிப் பிந்திச் சொல்கிற பிள்ளை யாரும் அங்கே இருக்காது. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் கேட்கும்.

அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். தொண்ணூற்று நான்கில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூன் மாதத்தில், அதை முதன்முதலாகக் கேட்டேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து நடத்திய நர்சரி அண்டு பிரைமரி பள்ளி அது. ஹாலில் எல்கேஜி, படுக்கையறையில் யுகேஜி, சமையலறையில் ஆபீஸ். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையைத் தட்டி வைத்துத் தடுத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை. நான் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். பி.எஸ்சி. விலங்கியல் படித்திருந்தேன். தவளையை அறுக்கத் தெரியும். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அந்த வயதில் கேட்பது கௌரவக் குறைச்சல்.

பள்ளிக்கு ஒரு பாடத்திட்டம் இருந்தது. பிரின்சிபல் மேடம் அதைச் சார்ட்டில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார். எல்கேஜியில் ஏ முதல் இசட் வரை. யுகேஜியில் மூன்றெழுத்துச் சொற்கள். ஒன்றாம் வகுப்பில் நேராக ரீடர்: இருபது பாடம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம். ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு எழுத்து தெரிந்திருக்கும் என்பது ஏற்பாடு. கீழ் வகுப்பில் என்ன நடந்தது என்று மேல் வகுப்பு டீச்சர் கேட்கக்கூடாது என்பது சார்ட்டில் எழுதாத ஏற்பாடு.

சொல்லிக்கொடுக்கும் முறையும் ஒன்றுதான். நான் ஒரு வரி படிப்பேன். அவர்கள் அந்த வரியின் கீழ் விரலை வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்வார்கள். ஒரு பாடத்தை நான்கு நாள் இப்படிச் சொன்னால் ஐந்தாவது நாள் புத்தகமே வேண்டியதில்லை. வாசலில் நிற்கிற பெற்றோருக்கு உள்ளே இங்கிலீஷ் மடை திறந்த மாதிரி கேட்கும். தமிழ்ப் பாடமும் அப்படித்தான் நடந்தது.

அவள் சேர வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அட்மிஷனுக்கு இன்டர்வியூ உண்டு. மேடம் ஊரில் இல்லாததால் அன்றைக்கு நான்தான் கேள்வி கேட்டேன். பெஞ்சில் வரிசையாகக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரு மளிகைக்கடைக்காரர் மகன். இரண்டு ரைம்ஸ் சொன்னான், கையை ஆட்டி ஆட்டி. கிழமைகளை இங்கிலீஷில் சொன்னான், வியாழக்கிழமையை விட்டுவிட்டு. அடுத்தது அவள். ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். அதே இரண்டு ரைம்ஸைச் சொன்னாள், அதே வரிசையில், அதே கையாட்டலோடு. பிறகு கிழமைகள். அவளும் வியாழனை விட்டுவிட்டாள். இந்த ஊரில் யாருக்கும் வியாழக்கிழமையே வராதா என்று கேட்டு நானே சிரித்துக்கொண்டேன். அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்.

அவள் அப்பா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை செய்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து சாப்பிடுகிற ஓட்டல். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். நின்றுகொண்டே அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்ல என்னால் முடியும்.

"எங்க வூட்ல எயுத படிக்க தெரிஞ்சவங்க யாரும் இல்ல மிஸ். வெள்ளக்காரன் சாப்ட்டுட்டு எதையோ எயுதி வெச்சிட்டு போறான். நல்லா கீதுன்றானா, நல்லா இல்லன்றானா, ஒன்னும் புரியல. ஓனரக் கேட்டா சிரிக்கிறாரு. இது படிச்சி சொல்லணும் மிஸ். வேற ஒன்னும் வாணாம்."

ஆறு வயது முடிந்த பிள்ளையை எல்கேஜியில் உட்காரவைக்க முடியாது. ஒன்றாம் வகுப்பில் இடம் காலியாக இருந்தது. ரைம்ஸ் சொல்கிறாள், கிழமை சொல்கிறாள், வேறென்ன வேண்டும் என்று நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்தைச் சொல்லித் தருகிற இரண்டு வகுப்புகளையும் அவள் அந்த ஒரு கையெழுத்தில் தாண்டிவிட்டாள்.

வகுப்பில் புதுப் பாடம் ஆரம்பிக்கும் நாளில் அவள் குரல் மற்றவர்களுக்கு அரை நொடி பின்னால் வரும். இரண்டாவது நாள் சேர்ந்து வரும். மூன்றாவது நாள் எல்லோரையும் முந்திக்கொண்டு போகும். கணீரென்ற குரல். விரல் வரி தவறாமல் நகரும். பக்கத்தைச் சரியான இடத்தில் திருப்புவாள். மேடம் ஒருநாள் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, உன் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளையா என்று என்னைப் பாராட்டினார். நான் அன்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. டான்ஸ், மாறுவேடம் எல்லாம் முடிந்தபின் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை மேடை ஏறும். சிறப்பு விருந்தினர் ரீடரை வாங்கித் தனக்குப் பிடித்த பக்கத்தைத் திறந்து நீட்டுவார். பிள்ளை அதை மைக்கில் படிக்கவேண்டும். அடுத்த ஜூனில் எத்தனை அட்மிஷன் வரும் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது என்று மேடம் சொல்வார். அந்த வருடம் அவள்தான் என்று முடிவானது. நோட்டீஸில் அவள் பெயரும் அச்சாகிவிட்டது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை வைத்தேன். கொட்டகையில் நாங்கள் இருவர் மட்டும். ஆண்டு விழா நோட்டீஸை மடித்து அடையாளத்துக்காக ரீடருக்குள் வைத்திருந்தேன். பக்கத்தைத் திறந்து நீட்டினேன். நோட்டீஸ் படத்தின் மேல் கிடந்தது. அவள் விரலை முதல் வரியில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள். படி என்றேன். நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை குரலை உயர்த்தினேன். அவள் இடது கையால் மெதுவாக, நான் பார்க்காத மாதிரி, நோட்டீஸை நகர்த்தினாள். படத்தில் இருந்த கிணறு தெரிந்தது. உடனே ஒன்பதாவது பாடத்தை ஒரு பிழையில்லாமல் கடகடவென்று சொல்லி முடித்தாள்.

வேறு பக்கத்தைத் திறந்து படத்தை உள்ளங்கையால் மூடினேன். அவள் விரல் முதல் வரியிலேயே நின்றது. ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து இது என்ன என்றேன். அது அந்தப் புத்தகத்திலேயே சின்னச் சொல், பசுவுக்கான மூன்றெழுத்து. அவள் சொல்லைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். என் உதடு அசையுமா, அசைந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். எட்டு மாதமாக அவள் என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தது என் உதட்டைத்தான்.

அவளைப் போகச் சொல்லிவிட்டு வேறு நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படத்தை மூடிப் பார்த்தேன். இரண்டு பேர் எழுத்துக்கூட்டித் திணறினார்கள். இரண்டு பேர் அவளைப் போலவே என் வாயைப் பார்த்தார்கள். குட்டு வெளிப்பட்டுவிட்டது, ஆனால் என்னிடம் மட்டும்தான். மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாக நீ என்ன கிழித்தாய் என்று கேட்பார். நான் வேலை நிரந்தரமாகாத டீச்சர். நோட்டீஸ் ஊர் முழுக்கப் போயாகிவிட்டது. முதலில் விழா முடியட்டும், பிறகு எழுத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். "படத்த பாத்து சொல்லு. பயப்படாத. யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அவளைத் தனியாக உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

விழாவில் விருந்தினர் பதினான்காவது பாடத்தைத் திறந்தார். அவள் ஓரக்கண்ணால் படத்தைப் பார்த்தாள், விரலை வரியில் வைத்தாள், சொன்னாள். கூட்டம் கைதட்டியது. அவள் அப்பா ஓட்டல் யூனிஃபார்மோடு கடைசியில் நின்றுகொண்டிருந்தார். வேலைக்கு நடுவில் ஓடிவந்திருக்கிறார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நான் மேடையோரத்திலிருந்து பார்த்தேன். விருந்தினர் மைக்கைப் பிடித்து, இந்தக் குழந்தை ஒன்றாம் வகுப்பிலா இருக்கவேண்டும் என்று கேட்டார். மேடம் அங்கேயே டபுள் புரமோஷன் அறிவித்தார், ஒன்றிலிருந்து நேராக மூன்றாம் வகுப்பு. வகுப்பு டீச்சர் என்ற முறையில் நானும் கைதட்டினேன்.

அடுத்த வாரம் அவள் அப்பா ஒரு பொட்டலம் முறுக்கோடு பள்ளிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போனது. மீன் வறுவல் உப்புக் கரித்தது, நெடுநேரம் காக்கவைத்தார்கள் என்று அதில் இருந்தது.

"பாப்பா படிச்சி காமிச்சிட்டா மிஸ். வெரல வெச்சி கடகடன்னு படிக்கிறா. எதோ கௌ, மில்க்குன்னுலாம் வந்துச்சி. பாயாசம் வெச்சிருந்தேன் அன்னிக்கி. அத்த பத்தி எயுதிகீறான் போல."

பசுவும் பாலும் ஏழாவது பாடம். அந்தக் காகிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்லாத்தான் எழுதியிருக்காரு என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்த சோற்றை அந்த மனிதர் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. எழுத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது என்ற என் திட்டம் கோடை விடுமுறையில் எங்கோ காணாமல் போயிருந்தது. அவள் தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அந்த வகுப்புப் புத்தகத்தில் படங்கள் குறைவு. அங்கே கோரஸும் இல்லை. டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிப் படிக்கச் சொல்வார். படிக்காவிட்டால் ஸ்கேலால் முழங்கையில் போடுவார். முதல் வாரமே மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் புத்தகம்.

"ஒரு தடவ படிச்சி காட்டு மிஸ். ஒரே ஒரு தடவ."

படித்துக் காட்டினேன். நான் எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டே படிப்பேன். அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அரை நொடி பின்னால் உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். உண்மையிலேயே ஒரு தடவை போதும். அபூர்வமாக இரண்டு. மறுநாள் வகுப்பில் அவள் படிப்பது தட்டி வழியாக எனக்குக் கேட்கும். ஸ்கேல் சத்தம் கேட்காது. எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாத மதிய வேளைகள். நாளுக்கு ஒரு எழுத்து சொல்லியிருந்தால் இருபத்தாறு எழுத்தும் இரண்டு முறை முடிந்திருக்கும். தமிழையும் ஆரம்பித்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? படித்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் நாளைய அடி தப்பிவிடும். எழுத்து என்றால் ஒரு வருடம் ஆகும், அதுவரை அவள் தினமும் அடி வாங்கவேண்டும். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். இன்னொன்றும் இருந்தது. அவள் கேட்ட மாதிரி என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. வீட்டில் இல்லை, வகுப்பில் இல்லை. என் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லையும் ஒரு பிள்ளை அப்படி வாங்கிக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது. அதை விட எனக்கு மனம் வரவில்லை.

செப்டம்பரில் செங்கல்பட்டில் பெரிய பள்ளி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆனால் எங்கள் மாதிரிச் சின்னப் பள்ளிகளில் டீச்சர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி பீரோவில் பூட்டி வைத்துக்கொள்வார்கள், வருடத்தின் நடுவில் ஓடிவிடக்கூடாது என்பதற்காக. பி.எட். விண்ணப்பத்துக்கு வேண்டும், இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன் என்று மேடத்திடம் பொய் சொல்லி வாங்கினேன். அதனால் நான் போவது யாருக்கும் தெரியக்கூடாது. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அம்மா சொன்னார். அன்றைக்குப் புது இடத்தில் சேர முடிவு செய்தேன்.

அதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை மதியம், அவள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள். புதுப் பாடம். ஒரு சிறுமி, காய்ச்சலில் கிடக்கும் அம்மாவுக்கு மருந்து வாங்க ஆற்றைக் கடந்து போகிறாள். படகில் ஏறுகிறாள். நடு ஆற்றில் இருட்டிக்கொண்டு வருகிறது. படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கிறான். அந்த இடத்தில் மணி அடித்தது. பக்கம் முடிந்திருந்தது, திருப்பவேண்டும். நான் புத்தகத்தை மூடிக் கொடுத்தேன்.

"மிச்சம் நாளைக்கு" என்றேன்.

"நாளைக்கா மிஸ்?"

"ஆமா, நாளைக்கு. போ."

டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். தட்டியைத் தாண்டும்போது அந்தப் பாடத்தை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே போனாள். நான் கைப்பையில் சர்டிபிகேட்டுகள் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் பிறகு திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் பழைய பள்ளியின் ஆயாவைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, பாத்ரூமுக்கு அழைத்துப் போகிற அம்மாள். என்னைக் கண்டதும் முதலில் திட்டினார், சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு. நான் அவளைப் பற்றிக் கேட்டேன்.

"அத்த ஏம்மா கேக்குற. பெல் அட்ச்சா டப்பாவ தூக்கிகினு உன் ரூமாண்ட போய் குந்திக்கும். சோறு துன்னாது. புக்க தொறந்து வெச்சிகினு சும்மா குந்திகினு இருக்கும். நான்தான் போயி இட்டுகினு வருவேன். கிளாஸ்ல அடி வேற. இப்ப வர்றதில்ல, நின்னுட்ச்சி."

படிப்பு ஏறவில்லை என்று மேடம் அப்பாவை அழைத்துச் சொல்லிவிட்டாராம். அவர் நம்பவில்லையாம். வீட்டில் நன்றாகப் படிக்கிறாளே என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கடைசியில் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாராம். எந்தப் பள்ளியில் சேர்த்தார் என்று ஆயாவுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் குரல் என்னோடு வர ஆரம்பித்தது. நான் பி.எட். படித்தேன், கல்யாணம் ஆனது, இரண்டு பள்ளிகள் மாறினேன். என் வகுப்பில் கோரஸ் கிடையாது என்று எங்கே போனாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி ஓட்டை போட்டு வைத்துக்கொண்டேன். அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு சொல் மட்டும் தெரியும், படமும் தெரியாது, முன்னும் பின்னும் தெரியாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து அட்டையை வைப்பேன். நான் வாயைக் கையால் மூடிக்கொள்வேன். நல்ல முறை என்று மற்ற டீச்சர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் ட்ரெய்னிங்கில் என்பேன். இத்தனை செய்தும் பக்கத்து வகுப்பில் கோரஸ் ஆரம்பித்தால் அது வந்துவிடும்.

கடல் உள்ளே வந்த அந்த மார்கழி ஞாயிறுக்குப் பிறகு, பள்ளியில் சேர்த்த துணிமணிகளை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் போன குழுவில் நானும் இருந்தேன். போர்வை கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பதினாறு வயது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இரட்டைப் பின்னல் மட்டும். கண்டுபிடிக்கவேண்டும் என்று தேடினேனா, அங்கே இல்லை என்று உறுதி செய்துகொள்ளத் தேடினேனா என்று இன்றுவரை தெளிவாகவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் ஐ.டி. குடும்பங்கள் நிறைய வந்து சேர்ந்திருந்த ஒரு பள்ளியில் கேஜி பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். அட்மிஷன் நாள். வராந்தாவில் பெற்றோர் வரிசையாக உட்கார்ந்து விண்ணப்பம் பூர்த்தி செய்துகொண்டிருந்தார்கள். நான் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் அவர்களைத் தாண்டி நடந்தேன்.

"ஒரு தடவ படிச்சி காட்டுக்கா. ஒரே ஒரு தடவ."

கால் நின்றுவிட்டது. இந்தத் தடவை குரல் எந்தச் சுவருக்குப் பின்னாலும் இல்லை. ஓரத்தில், ஹவுஸ் கீப்பிங் யூனிஃபார்ம் புடவையில், மடியில் ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள், பக்கத்தில் இருந்த அம்மாளிடம் விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றதைப் பார்த்து நிமிர்ந்தாள். என்னை அடையாளம் தெரிய அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள்.

"மிஸ்" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அதில் கோபம் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளை என் அறைக்கு அழைத்துப் போனேன். பக்கத்து ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள், கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், குழந்தைக்கு எல்கேஜி வேண்டும். இதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னாள், அவள் அப்பாவைப் போலவே. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அதே ஓட்டல்தான் மிஸ். வெள்ளக்காரங்க எயுதி குடுத்தத எல்லாம் ஒரு டப்பால போட்டு வெச்சிகீறாரு. நான் வூட்டுக்கு போனா எடுத்துகினு வந்து குந்திக்குவாரு. படிச்சி சொல்லுவேன்."

"எதப் படிப்ப?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லி குடுத்ததுதான் மிஸ். எல்லாம் அப்டியே கீது."

இருக்கிறது என்று காட்டவும் செய்தாள். என் மேஜையின் முன்னால் நின்று, கையிலிருந்த விண்ணப்பத்தின் மேல் விரலை வைத்து, கணீரென்று ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல். சிறுமி மருந்துக்குப் போகிறாள். அது என் உச்சரிப்பு, இருபத்திரண்டு வயதில் எனக்கிருந்த இழுவை. நான் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள். "ஏய், மேல சிந்தாத" என்று நான் நடுவில் சொன்னதையும் அதே எரிச்சலோடு சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அவளுக்கு அதுவும் பாடம்தான். அவள் குழந்தை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"த போட்மேன் ஸ்டாப்டு. ஹி லுக்டு அட் த ஸ்கை."

அதோடு நின்றுவிட்டாள்.

"அதுக்கப்பறம் நீங்க வரல மிஸ்" என்றாள், ஏதோ மழை வந்து பள்ளி லீவு விட்டதைச் சொல்வது போல.

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. சனிக்கிழமைகளில் வா, ஒரு மணி நேரம் போதும், எழுத்து முழுக்க நான் சொல்லித் தருகிறேன் என்றேன். மேஜை டிராயரைத் திறந்து என் ஓட்டை போட்ட அட்டையைக்கூட எடுத்துவிட்டேன். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், அது எதற்கு என்று தெரியாமல். எனக்கு எதற்கு மிஸ் இனிமேல், இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தபடி குழந்தையின் தலையில் கை வைத்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வாக்கை மட்டும் நான் காப்பாற்றினேன்.

அட்டையை மேஜையில் வைத்துவிட்டுக் கதவு வரை போனவள் திரும்பினாள்.

"அந்த பொண்ணு அக்கரைக்கு போயி சேந்துட்ச்சா மிஸ்?"

எனக்குத் தெரியாது. அந்தப் பாடத்தின் அடுத்த பக்கத்தை நான் படித்ததே இல்லை. பாடங்களை முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற பழக்கம் அன்றைக்கு எனக்குக் கிடையாது. புத்தகமும் மறு வருடமே மாறிவிட்டது. பிறகு பழைய புத்தகக் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. தெரியாதும்மா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வியாழக்கிழமையையும் சொல்லவேண்டியிருக்கும். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"சேந்துட்டா" என்றேன்.

அவள் உதடு அரை நொடி பின்னால் அசைந்தது.

"சேந்துட்டா" என்றாள். விரல் அந்த விண்ணப்பத்தின் கடைசி வரியில் இருந்தது.